ஆசாரியர் அணிந்த ஆடை யாருக்குச் சொந்தம்?

யாத்திராகமம் என்னும் பழைய ஏட்டின் 38 ஆம் அதிகாரத்தில் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. பாலைவனத்தில் இஸ்ரவேலர் எழுப்பிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்த பொன் 29 தாலந்தும் 730 சேக்கலும். வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும். வெள்ளி வந்த வகையும் எழுதப்பட்டிருக்கிறது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆன ஆடவர் 6,03,550 பேர், தலைக்கு அரைச் சேக்கல். கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இதனைச் சரிபாராமல் மேலே செல்ல இயலவில்லை. 6,03,550 இல் பாதி 3,01,775. தாலந்து ஒன்றுக்கு 3,000 சேக்கல் வீதம் நூறு தாலந்து போக மிச்சம் 1,775. ஒரு சேக்கல்கூடப் பிசகவில்லை. அந்த மிச்சத்தையும் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் செலவு எழுதிக் கணக்கை முடித்திருக்கிறார்கள். கணக்குக்குப் பொறுப்பாளியாக இருந்தவன் ஆரோனின் மகன் இத்தாமார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இக்கணக்கு முடிந்ததும் வரும் அடுத்த அதிகாரம் ஆசாரியரின் உடையைப் பற்றியது. ஊரார் கொடுத்ததற்குக் கணக்கு ஒப்புவித்த பின்னரே உடை தைக்கும் செய்தி வருகிறது. இந்த ஏட்டின் ஆசாரியப் பகுதிகள் கி.மு. 6, 5 ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி எழுத்துருப் பெற்றன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. கூடாரத்துக் கணக்கு நடந்தது நடந்தபடி எழுதப்பட்டதா, பின்னோர் அமைத்ததா என்னும் வாதத்தில் நாம் புகவில்லை. எழுதியவர்கள் எதனைப் பெரிதாக மதித்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

இஸ்ரவேல் ஆசாரியரின் உடையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஆடம்பரத்தையே பேசுகின்றனர். பொன்னும் மணியும் பூண்டு, ஓரத்தில் மணிகள் ஒலிக்க நடந்த பிரதான ஆசாரியனைச் சொல்லி, குருமார் தம்மை உயர்த்திக் காட்டுவதற்கு எக்காலத்திலும் எந்நாட்டிலும் தேடிய வேடம் இதுவே என்று முடிப்பார்கள். நாம் இக்கட்சியை ஏற்கவில்லை. அந்த உடை அணிந்தவனுக்குச் சொந்தமாக இருந்ததேயில்லை. அது ஊராரின் பொதுச் சொத்து. அதனை அணிந்தவன் சுமந்தவனே அன்றி உடையவன் அல்லன் என்பது நமது துணிபு. நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இதழில் இதை எழுதுவதற்குக் காரணம், அந்த உடை எவ்வாறு நெய்யப்பட்டது என்பதை அறிந்தால்தான் அது யாருடையது என்பதும் விளங்கும் என்பதே.

முதலில் உடை இன்னதெனச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சாதாரண ஆசாரியனுக்கு நான்கு உருப்படிகள்: உள்ளங்கி, அரைக்குச் சல்லடம், இடைக்கச்சை, தலைப்பாகை. பிரதான ஆசாரியனுக்கு எட்டு. மேற்சொன்ன வகைகளோடு முழு நீல மேலங்கி, ஏபோத்து என்னும் தோளாடை, மார்ப்பதக்கம், நெற்றியில் நீல நாடாவால் கட்டிய பொற்பட்டம். பாதரட்சை பற்றிப் பேச்சே இல்லை; வெறுங்காலோடுதான் ஊழியம். எருசலேம் ஆலயத்து உத்தியோகஸ்தர்களின் பட்டியல் ஒன்று மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் உள்ளது. அதில் வயிற்றுநோய்க்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். கல்தரையில் வெறுங்காலோடு நின்று இறைச்சியை மிகுதியாக உண்டவர்களுக்கு அவர் தேவைப்பட்டார் என்பது உரைகாரர் விளக்கம்.

உடைக்குரிய நூல் வெண்ணூலும் மூவகைச் சாயநூலும் ஆகும். தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தோர் வெண்ணூலைச் சில இடங்களில் மெல்லிய பஞ்சுநூல் என்றும், சில இடங்களில் சணல்நூல் என்றும் எழுதினர். பருத்தி நாட்டார்க்கு அதுவே விளங்கும் என்று எண்ணியிருக்கலாம். உண்மையில் அது ஆளிச்செடியின் நார். விதைக்காக நாம் அறிந்த அதே செடியின் தண்டை நீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, அடித்து, சீவி எடுப்பது. வியர்வை உண்டாக்கும் எதையும் ஆசாரியர் உடுத்தலாகாது, உட்பிராகாரத்தில் ஆட்டுமயிர் கூடாது, நார்த்துணியே வேண்டும் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஏடு விதிக்கிறது. பலியிட்டு, விறகு அடுக்கி, சாம்பல் வாரிச் சுமந்தவர்களுக்கு உரிய உழைப்பாளி உடைதான் அது.

சாயநூல்கள் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு. முதலிரண்டும் கடல் நத்தையிலிருந்தும், சிவப்பு கருவாலி மரத்தில் ஒட்டி வாழும் சிறு செதிற்பூச்சியிலிருந்தும் கிடைத்தவை. 1909 இல் பிரீட்லேண்டர் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஒருவகை நத்தைகள் 12,000 கொண்டு 1.4 கிராம் சாயமே எடுத்தார் என்றால், இதன் அருமை விளங்கும். இஸ்ரேலின் தென்பகுதியில் திம்னா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ கி.மு. 1000 ஆம் ஆண்டைச் சேர்ந்த, மெய்யான நத்தைச் சாயம் ஏறிய கம்பளித் துண்டுகள் கிடைத்த செய்தி 2021 இல் வெளியாயிற்று. வேதம் சொல்லும் நிறங்கள் வெறும் கவிச்சொல் அல்ல என்பதற்கு அது போதும்.

இனி நெசவு. ஏடு மூவகைத் தொழிலாளரைப் பிரித்துச் சொல்கிறது. ஒருவன் நெய்பவன், ஒருவன் உருவை எண்ணி இழைபோட்டு நெய்பவன், ஒருவன் பல நிறத்து நூலால் பூவேலை செய்பவன். பின்வந்த தல்மூத் ஆசிரியர்கள் இதை இன்னும் தெளிவாக்கினர். ஊசியால் செய்வதற்கு ஒரே முகம். தறியில் எண்ணி நெய்வதற்கு இரு முகம், முன்னும் பின்னும் உரு தெரியும். தறியில் பேட்டுப் போட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆசாரிய உடை ஊசியால் தைத்து உருவாக்கப்படலாகாது, நெய்தே ஆக வேண்டும் என்பதும் அவர்கள் கொண்ட விதி. கைகளை மட்டும் தனியே நெய்து உடலோடு இணைப்பார்கள். மேலங்கியின் கழுத்துத் துவாரம் கிழியாதபடி, போர்ச் சட்டையின் கழுத்தைப் போல, சுற்றிலும் நெய்த கரை வேண்டும் என்று மூல ஏடே கட்டளையிடுகிறது. எங்கே துணி முதலில் நைந்து போகும் என்பதை அறிந்தவன் ஒருவன் அருகிலிருந்து சொல்லாமல் இத்தகைய விதி எழுத்தில் ஏறியிருக்க முடியாது.

நூலின் புரிக்கும் கணக்கு உண்டு. தனி வெண்ணூல் ஆறு புரி, முறுக்கியது எட்டு, மேலங்கி பன்னிரண்டு, திரைச்சீலை இருபத்துநான்கு, ஏபோத்தும் மார்ப்பதக்கமும் இருபத்தெட்டு. இருபத்தெட்டு எப்படி வந்தது? நீலம், இரத்தாம்பரம், சிவப்பு, வெள்ளை ஆகிய நான்கில் ஒவ்வொன்றும் ஆறு இழை, ஒவ்வொன்றோடும் பொன்னிழை ஒன்று, ஏழேழாக நான்கு. அப்பொன்னிழையோ நம் ஜரிகை போன்றதன்று. நாம் வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பட்டிழைமேல் சுற்றிப் பொன்முலாம் ஏற்றுகிறோம். அவர்கள் பொன்னையே தகடாகத் தட்டி, கம்பியாக நறுக்கி, நூலோடு சேர்த்தார்கள். மார்ப்பதக்கம் என்ற பெயரைக் கேட்டுப் பலர் அதனை உலோகத் தகடு என்று எண்ணுகின்றனர். அது துணி. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், இரட்டையாக மடித்த பை.

அந்தச் சாண் துணியின்மேல் நான்கு வரிசையாகப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். இரு தோள்களிலும் இரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறாறு பெயர், பிறந்த வரிசைப்படி. வசதியுள்ள கோத்திரத்துக்குப் பெரிய கல், சிறிய கோத்திரத்துக்குச் சிறிய கல் என்று ஏட்டில் இல்லை. ஆசாரியனின் சொந்தப் பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை! நெற்றிப் பட்டத்தில் உள்ள எழுத்தும் கர்த்தருக்குரியது என்னும் பொருள் தருவதே. தோளில் பெயர்கள் எதற்கு, மார்பில் பெயர்கள் எதற்கு என்பதை ஏடு வெளிப்படையாகவே சொல்கிறது: அவன் உள்ளே போகும்போது அவர்களைச் சுமந்து போகவேண்டும். தோள் பாரம் தாங்குமிடம் என்பதை நாம் விளக்க வேண்டுமோ? மேலங்கியின் ஓரத்து மணிகளும் அப்படியே. அவை ஊரார் காதுக்கு இன்பமூட்ட வைத்தவை அல்ல. அவன் உள்ளே புகுவதும் வெளியே வருவதும் கேட்கவேண்டும், இல்லையேல் அவன் சாவான் என்பது கட்டளை. எவரும் அறியாமல் உள்ளே நுழையும் உரிமை அவனுக்கில்லை.

உடையின்றி ஆசாரியன் இல்லை என்பது மற்றொன்று. நான்கில் ஒன்று குறைந்தாலும் செய்த ஊழியம் செல்லாது. மிகையாக ஒன்று அணிந்தாலும் செல்லாது. உடை மேலே இருக்கும்வரைதான் ஆசாரியத்துவமும் மேலே இருக்கும் என்று தல்மூத் கொள்கிறது. எண்ணாகமத்தில் ஆரோனின் மரணம் சொல்லப்படும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் என்னும் மலையுச்சியில், கிழவனுடைய உடைகளை மோசே கழற்றி அவன் மகன் எலெயாசாருக்கு உடுத்துகிறான். அதன்பின் ஆரோன் இறக்கிறான். மனிதனைப் புதைத்தார்கள், உடையைப் புதைக்கவில்லை. அது அடுத்தவனோடு மலையிலிருந்து இறங்கி வந்தது.

ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியன் திரைக்கு உட்புறம் போவான். அப்போது பொன்னும் மணியும் நீலமும் கிடையா. வெறும் வெள்ளை நார்த்துணி நான்கே. பொற்கன்றுக்குட்டி செய்த குற்றத்தை நினைவூட்டும் பொன், அக்குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கும் இடத்துக்குள் வரலாகாது என்று ரபிமார் காரணம் கூறினர். மிக உயர்ந்த இடத்துக்கு மிக எளிய உடை. ஆடம்பரக் கட்சியார் இதனை எவ்வாறு விளக்குவார்கள் என்று அறிய நாம் ஆவலாயிருக்கிறோம்.

ஆனால் எளிய உடை என்றால் மலிந்த துணி என்று எண்ணிவிடலாகாது. கி.பி. 200 ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அந்நாளுக்குரிய துணியின் விலையைத் தருகிறது. காலையில் எகிப்து தேசத்துப் பெலூசியம் துணி, 12 மனே. மாலையில் இந்தியத் துணி, 800 சூஸ். இது ரபி மேயிர் கூற்று. மற்ற அறிஞர்கள் காலைக்கு 18, மாலைக்கு 12, ஆக 30 மனே என்கின்றனர். ஒரு மனே நூறு சூஸ். ஒரு சூஸ் ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. மாலைத் துணியின் பெயரை இந்திய நாட்டுத் துணி என்றே பொதுவாகப் பொருள் கொள்கின்றனர். எந்த ஊர்த் தறி, எவர் நெய்தது என்று ஏடு சொல்லவில்லை. எனினும் எருசலேம் ஆலயத்தின் அந்த ஒரு நாள் மாலையில் பிரதான ஆசாரியனின் மேனியில் இருந்த துணி இத்திசையிலிருந்து கடல் கடந்து போனது என்பதில் நெசவாளர் மகிழ இடமுண்டு.

விலையைவிட அதன் பின்வரும் ஒரு வாக்கியமே நம்மை ஈர்த்தது. இத்தொகை பொதுநிதியிலிருந்து கொடுக்கப்படுவது. மேலும் விலையுயர்ந்தது வேண்டுமானால் ஆசாரியன் தன் கைப்பணத்தைச் சேர்த்துக் கொள்ளலாம். சேர்த்தால் துணி அவனுடையதாகி விடுமா? ஆகாது. ஆசாரியன் ஒருவனுக்கு அவன் தாய் உள்ளங்கி நெய்து கொடுத்தாலும், அதனை ஊராருக்கு ஒப்புக்கொடுத்த பின்னரே உடுத்தலாம் என்பது தல்மூத் சொல்லும் முறை. இஸ்மவேல் பென் பாபி என்பவருக்கு அவர் தாய் நூறு மனே பெறும் அங்கி செய்தளித்தார். அவர் அதனை அணிந்து ஊழியம் செய்து பொதுவுக்கு ஒப்படைத்தார் என்று கூறப்படுகிறது. எலெயாசார் பென் கர்சோம் என்பவரின் தாய் அதனினும் பன்மடங்கு விலையுள்ள ஒன்றைச் செய்தாராம். உடன் ஆசாரியர்கள் அதனை அணிய விடவில்லை. காரணம், அவ்வளவு மெல்லிய துணியில் அவர் உடையில்லாதவர் போல் தோன்றினார்! ஆறு புரி நூலாயிற்றே, உடல் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்க, கண்ணாடிக் கலத்தில் திராட்சரசம் தெரிவது போல என்று விடை வருகிறது. மிக உயர்ந்த நெசவானாலும் வேலைக்கு ஆகாதென்றால் தள்ளினார்கள். நாம் அந்தத் தாய்க்காக வருந்துகிறோம். தீர்ப்பு சரியென்றே கருதுகிறோம்.

உடைக்கிடங்குக்கும் தனிப் பொறுப்பாளர் இருந்தார். சுவரில் மாடங்கள் வைத்து, இன்ன மாடத்தில் இன்ன உடை என்று மேலே எழுதியிருந்தார்கள். இருப்புப் புத்தகம் பார்க்கச் சென்று, சரக்கு ஓரிடமும் சீட்டு ஓரிடமுமாகத் தேடி அலைந்த நமக்கு இதைப் படிக்கையில் சற்றுப் பொறாமையே உண்டாயிற்று.

இன்னொரு செய்தி. சாதாரண இஸ்ரவேலன் ஆட்டுமயிரும் நாரும் கலந்து நெய்த துணியை உடுத்தலாகாது. ஆசாரியனின் உடையிலோ இவ்விரண்டும் கலந்திருந்தன. அதனால்தான் பிறருக்கு விலக்கப்பட்டது என்று கி.பி. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் கூறுகிறார். ஆயினும் ஒவ்வொருவனும் தன் ஆடையின் மூலைத் தொங்கலில் ஓர் இளநீல நூல் கட்டவேண்டும் என்று எண்ணாகமம் விதித்தது. பிரதான ஆசாரியனுக்கு மேலங்கி முழுவதும் நீலம். உழவனுக்கும் இடையனுக்கும் அதே நீலத்தில் ஓர் இழை. முழு மூலதனமும் ஒரு பங்கும் போல என்று நம் அங்கத்தினர்கள் எண்ணிக் கொள்ளலாம்.

அந்த ஓர் இழையிலும் போலி புகுந்தது. நத்தைச் சாயம் விலை மிகுந்தது. அவுரி நீலம் மலிந்தது. அவுரி தோய்த்த நூலைக் கட்டிவிட்டு நத்தை நீலம் என்று சொல்பவனைக் கடவுளே தண்டிப்பார் என்று தல்மூத் சொல்கிறது. அவ்விடத்தில் அவனோடு யாரை நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? பினாமி பெயரில் வட்டிக்குக் கொடுப்பவனையும், எடைக்கற்களை உப்பில் புதைத்து வைப்பவனையும்! 1980 களில் இஸ்ரேலில் ஓட்டோ எல்ஸ்னர் என்னும் சாய நிபுணர் கண்டறிந்தது இதனை இன்னும் கூர்மையாக்குகிறது. நத்தைச் சாயத்தைக் கரைத்த நிலையில் வெயிலில் வைத்தால் அது தூய நீலமாகிறது. அந்நீலமும் அவுரி தரும் நீலமும் ரசாயனத்தில் ஒரே பொருள். கண்ணால் பிரிக்க இயலாது. ஆகவே குற்றம் நிறத்தில் இல்லை, விற்பவனின் சொல்லில் இருக்கிறது. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலையாவதைக் கண்டு மனம் புழுங்கும் நம்மவர்கள், வட்டிக்காரனுக்கும் கள்ள எடைக்காரனுக்கும் இடையே இவனை நிறுத்தியது தகும் என்றே சொல்வார்கள்.

உடை பொதுச் சொத்து என்பதற்கு நாம் கொள்ளும் வலுவான சான்று, அது பொதுவின் கையை விட்டுப் போன காலத்தில் நேர்ந்தது. பிரதான ஆசாரியனின் அங்கி ஆலயத்தை அடுத்த கோட்டையில் வைக்கப்பட்டு வந்தது. ஏரோது மன்னன் அக்கோட்டையைப் புதுப்பித்து அந்தோனியா என்று பெயரிட்டான். அங்கியைத் தன் காவலிலேயே வைத்துக்கொண்டான். அது தன்னிடம் இருக்கும்வரை மக்கள் தனக்கெதிராக எழமாட்டார்கள் என்பது அவன் எண்ணம் என்று ஜொசீபஸ் எழுதுகிறார். கி.பி. 6 இல் உரோமர் நேரடி ஆட்சி ஏற்றபோது அவர்களும் அம்முறையையே தொடர்ந்தனர். கல்லறை ஒன்றில் அங்கி; ஆசாரியரும் ஆலயப் பொக்கிஷக் காவலரும் இட்ட முத்திரை; உரோமக் காவல் தலைவன் அங்கே நாள்தோறும் ஏற்றும் விளக்கு. பண்டிகைக்கு ஏழு நாள் முன்னர் முத்திரையைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். பண்டிகை கழிந்ததும் மீண்டும் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆண்டில் மூன்று பண்டிகை, ஓர் உபவாச நாள், இவ்வளவே.

ஒரு நாட்டை அடக்க ஒரு துணியைப் பூட்டி வைத்தால் போதும் என்று உரோமர் அறிந்திருந்தனர். கி.பி. 36 ஐ ஒட்டி சிரியாவின் ஆளுநர் விதெல்லியு எருசலேமுக்கு வந்தபோது, மக்கள் காட்டிய வரவேற்பில் மகிழ்ந்து அங்கியை ஆசாரியரிடமே திருப்பிக் கொடுத்தான். அகிரிப்பா மன்னன் கி.பி. 44 இல் இறந்ததும், பாது என்னும் உரோம அதிகாரி அதனை மீண்டும் கோட்டைக்குக் கேட்டான். யூதர் கலகம் செய்யவில்லை, இணங்கவும் இல்லை. தூதர்களை உரோமுக்கு அனுப்பினர். பேரரசன் கிளாடியஸ் அங்கி அவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று கடிதம் கொடுத்தான். வரி குறைக்கவோ நிலம் கேட்கவோ அன்று, நெய்த ஓர் அங்கியின் காவலுக்காகக் கடல் கடந்து சென்று மன்றாடினார்கள். தனி ஒரு மனிதனின் அலங்காரத்துக்காக எந்த ஜனமும் இவ்வாறு அலைவதில்லை. அவர்களுடைய பன்னிரண்டு பெயர்களும் அதில் இருந்தன.

நாம் ஏற்றுப் பேசுவதால் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆசாரியத்துவம் ஒரே குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. மற்றவன் எவ்வளவு தகுதியுடையவனாயினும் அந்த உடையை அணிய வழியில்லை. மூல ஏடு கைவினைத் தலைவர்கள் இருவரைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. யூதா கோத்திரத்துப் பெசலெயேல், தாண் கோத்திரத்து அகோலியாப். இரண்டாமவன் நீலத்திலும் இரத்தாம்பரத்திலும் வேலை செய்யும் நெசவு வல்லவன். இது மெச்சத்தக்கதே. ஆனால் நீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் வெண்ணூலும் தங்கள் கைகளால் நூற்றுக் கொண்டுவந்தவர்கள் பெண்கள் என்று எழுதிய அதே ஏடு, அவர்களில் ஒருத்தியின் பெயரையும் குறிக்கவில்லை. மக்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்தபடியால் போதும் நிறுத்துங்கள் என்று மோசே பறைசாற்ற நேர்ந்தது. அந்த மிகுதியில் எத்தனை பெண்களின் எத்தனை இரவுகள் இருந்தனவோ!

உடை நைந்து போனபின் என்னவாயிற்று என்பதையும் மிஷ்னா குறித்து வைத்திருக்கிறது. ஆசாரியரின் பழைய சல்லடங்களையும் இடைக்கச்சைகளையும் கிழித்துத் திரியாக்கி, கூடாரப் பண்டிகை இரவுகளில் ஆலயத்தின் பெண்கள் பிராகாரத்திலிருந்த பெரிய பொன் விளக்குகளில் இட்டு ஏற்றுவார்கள். அந்த ஒளி படாத முற்றம் எருசலேமில் ஒன்றும் இல்லையாம். அவ்வெளிச்சத்தில் ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் அமர்ந்து கோதுமையில் கல் பொறுக்கலாம் என்று தல்மூத் சொல்கிறது.